பனிக்கட்டிக் கிடங்கும் நம் பால்மாவுக் கிடங்கும்

(நமது பங்கின் பவள விழாத் தொடக்கக் கூட்டத்தில், ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர் ஆற்றிய உரை)

 

பவள விழாவை முன்னிட்டு ஏதாவது பேச வேண்டும் என்று நம் சுவாமி அவர்கள் கேட்டுக்கொண்டபோது, என்ன பேசுவது என்று நான் நெடுநேரம் யோசிக்கவில்லை. கோவிலுக்குப் பின்னால், வேப்பமரத்தடியில், கதவு பூட்டியபடி நிற்கிறதே ஒரு பழைய கட்டடம், அதைப் பற்றிப் பேசலாம் என்று தோன்றிவிட்டது. அதை இடித்துவிட்டு வாடகைக்குக் கடைகள் கட்டலாம் என்ற பேச்சு நடப்பது எல்லோருக்கும் தெரிந்ததே. அடுத்த மாதம் பங்குப் பேரவையில் அதற்கு வாக்கெடுப்பு நடக்கவிருக்கிறது. அதற்கு முன்னால், நம் நகரத்திலேயே உள்ள வேறொரு கிடங்கின் கதையை உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். கதை முடிந்த பிறகு நம் கிடங்குக்கு வருவோம்.

மெரினாக் கடற்கரைச் சாலையில், திருவல்லிக்கேணிப் பக்கம், முன்புறம் வட்டமாக வளைந்து நிற்கும் ஒரு கட்டடத்தை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். இன்று அதற்கு விவேகானந்தர் இல்லம் என்று பெயர். ஆனால் அந்த வட்டாரத்தில் பஸ் ஏறுகிறவர்கள் "ஐஸ் ஹவுஸ் போகுமா?" என்றுதான் இன்றும் கேட்கிறார்கள். அங்குள்ள போலீஸ் நிலையத்துக்கும் ஐஸ் ஹவுஸ் என்றே பெயர். ஐஸ் போய் ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகள் ஆகின்றன. பெயர் மட்டும் போகவில்லை.

அது எப்படி வந்தது? அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்தில் பிரடெரிக் டியூடர் என்றொரு வியாபாரி இருந்தார். பனிக்காலத்தில் அங்குள்ள ஏரிகள் உறைந்துவிடும். அந்தப் பனிக்கட்டியை அறுத்து, உஷ்ண நாடுகளுக்குக் கப்பலேற்றி விற்றால் என்ன என்று அவர் நினைத்தார். 1806-ல் முதல் கப்பலை மேற்கிந்தியத் தீவுகளுக்கு அனுப்பியபோது ஊர் அவரைப் பார்த்துச் சிரித்ததாம். சிரிக்கத்தானே செய்வார்கள்! கடனில் மூழ்கினார், எழுந்தார், விடவில்லை. 1833-ல் 'டஸ்கனி' என்னும் கப்பலில் சுமார் 180 டன் பனிக்கட்டியைக் கல்கத்தாவுக்கு அனுப்பினார். நன்னம்பிக்கை முனையைச் சுற்றி, பூமத்திய ரேகையை இரண்டு முறை கடந்து, நான்கு மாதம் பயணம் செய்து, அதில் சுமார் 100 டன் உருகாமல் வந்து சேர்ந்தது. மரத்தூள்தான் இரகசியம். பாளம் பாளமாக ஒரே அளவில் அறுத்து, இடைவெளி இல்லாமல் அடுக்கி, சுற்றிலும் மரத்தூளைத் திணித்தால் வெளியுஷ்ணம் உள்ளே எளிதில் நுழையாது. தச்சுப்பட்டறைகளில் குப்பையாய்க் கிடந்த பொருள்தான் அது.

கப்பலில் வந்த பனிக்கட்டியைக் கரையிலும் காப்பாற்ற வேண்டுமல்லவா? அதற்காகக் கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய மூன்று பட்டணங்களில் பனிக்கட்டிக் கிடங்குகள் எழுந்தன. நம் சென்னைக் கிடங்கு 1842-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. தடித்த சுவர்கள், ஜன்னல்கள் இல்லை. அக்காலத்தில் கடலும் இப்போதுபோல் அத்தனை தூரத்தில் இல்லை. 1876-ஐ ஒட்டித் துறைமுக வேலை தொடங்கிய பிறகுதான் தென்புறத்தில் மணல் சேர்ந்து, கடற்கரை இவ்வளவு அகலமாயிற்று. துறைமுகம் இல்லாத அந்நாட்களில் கப்பல்கள் நடுக்கடலில் நங்கூரமிட்டு நிற்கும். தென்னங்கயிற்றால் பலகைகளைத் தைத்துச் செய்த மசூலாப் படகுகளில் நம் கடற்கரை மக்கள் அலையைத் தாண்டிப் போய்ச் சரக்கை ஏற்றி வருவார்கள். சித்திரை வெயிலில், அமெரிக்க ஏரியில் உறைந்த ஒரு பாளத்தைத் தலையில் சுமந்து மணலில் நடந்தவர்களை எண்ணிப் பாருங்கள். தோரோ என்னும் அமெரிக்க எழுத்தாளர் வாழ்ந்த வால்டன் குளத்திலும் 1846-47 பனிக்காலத்தில் டியூடரின் ஆட்கள் ஐஸ் அறுத்தார்கள். அவர் தம் நூலில் சென்னையின் பெயரையும் சொல்லி, தம் குளத்து நீரை அவ்வூரார் குடிப்பதாக எழுதியிருக்கிறார். குடித்தவர்கள் பெரும்பாலும் துரைமார்கள் என்பது வேறு விஷயம். சுமந்தவர்களுக்கு ஒரு துண்டாவது கிடைத்ததோ என்னவோ.

1870-களில் இயந்திரத்தால் ஐஸ் செய்யும் முறை நம் நாட்டுக்கே வந்துவிட்டது. பாஸ்டனிலிருந்து கப்பலில் கொண்டு வருவானேன்? வியாபாரம் படுத்தது. ஆக, 1880-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அந்தக் கட்டடத்துக்கு வேலையே இல்லாமல் போயிற்று. காற்று வராது, வெளிச்சம் வராது. பனிக்கட்டியைத் தவிர வேறெதற்கும் உதவாத கட்டடம். கல்கத்தாவிலும் பம்பாயிலும் இருந்த ஐஸ் கிடங்குகள் இன்று இல்லை. மூன்றில் நம்முடையது ஒன்றுதான் எஞ்சியிருக்கிறது. அது ஏன் எஞ்சியது என்பதுதான் நான் உங்கள் முன் வைக்க விரும்புவது.

அதை வாங்கியவர் பிலிகிரி ஐயங்கார் என்ற உயர்நீதிமன்ற வழக்கறிஞர். சுவரில் ஜன்னல்களைத் திறந்தார். சுற்றிலும் வட்டத் தாழ்வாரங்கள் அமைத்தார். தம் நண்பரான நீதிபதி கெர்னன் அவர்களின் பெயரால் 'காசில் கெர்னன்' என்று பெயரிட்டுக் குடியேறினார். குடியேறியவர் தம் குடும்பத்தோடு கதவைச் சாத்திக்கொள்ளவில்லை. ஏழை மாணவர்கள் தங்கிப் படிக்க அந்த வீட்டில் ஒரு பகுதியைக் கொடுத்தார்.

1897 பிப்ரவரி 6-ஆம் நாள், மேல்நாடுகளிலிருந்து திரும்பிய சுவாமி விவேகானந்தர் எழும்பூர் ரயில் நிலையத்தில் வந்து இறங்கினார். இளைஞர்கள் வண்டியின் குதிரைகளை அவிழ்த்துவிட்டுத் தாங்களே இழுத்து வந்தார்கள். அவர் தங்கியது இந்தக் கட்டடத்தில்தான், ஒன்பது நாட்கள். பிறகு அவருடைய குருபாயியான சுவாமி இராமகிருஷ்ணானந்தர் அதே ஆண்டில் வந்து, இங்கேயே சென்னை மடத்தைத் தொடங்கினார். 1902-ல் பிலிகிரி ஐயங்கார் காலமானார். 1906-ல் கட்டடம் ஏலத்துக்கு வந்து ஒரு ஜமீன்தார் கைக்குப் போயிற்று. இராமகிருஷ்ணானந்தர் பின்புறத்துச் சிறு வீட்டுக்கு இடம் மாறினார். ஏலம் நடந்துகொண்டிருந்தபோதும் அவர் பதறாமல் இருந்தாராம். 1907-ல் மடம் மயிலாப்பூருக்குச் சென்றது.

இவை பலரும் அறிந்தவை. இனி நான் சொல்லப்போவதை ஊர் அத்தனை நினைவில் வைத்திருப்பதாகத் தெரியவில்லை. எனக்கோ இந்தக் கதையில் மிகப் பெரிய பகுதி அதுதான்.

1886-ல் மயிலாப்பூரில் சுப்பலட்சுமி என்றொரு பெண்குழந்தை பிறந்தது. பதினோரு வயதில் கலியாணம். சில நாட்களில் கணவன் இறந்தான். அக்கால வழக்கப்படி அந்தக் குழந்தையின் வாழ்வு அத்தோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் தகப்பனார் சுப்பிரமணிய ஐயர் அவரைப் படிக்க வைத்தார். நம் பிரசன்டேஷன் கன்னியர் நடத்திய பள்ளியிலும் படித்தார். குடும்பத்தைத் துறந்து பிறர் பிள்ளைகளுக்காக வாழும் அந்தக் கன்னியரின் வாழ்க்கை அவர் மனத்தைத் தொட்டது. அவர் மதம் மாறவில்லை. கடைசிவரை தம் சமய நெறியிலேயே வாழ்ந்தார். 1911-ல் மாநிலக் கல்லூரியில் பட்டம் பெற்று, சென்னை ராஜதானியிலேயே பட்டம் பெற்ற முதல் இந்துப் பெண்மணி ஆனார். பிற்காலத்தில் ஊர் முழுவதும் அவரைச் 'சிஸ்டர்' என்றே அழைத்தது. கன்னியர் மடத்தில் சேராமலேயே அந்தப் பெயர் அவருக்கு நிலைத்தது.

எழும்பூரில் தகப்பனார் வீட்டில் நான்கு இளம் விதவைகளை வைத்துக்கொண்டு ஆரம்பித்தார். தாமும் விதவையான சித்தி வாலாம்பாள் அம்மையார் கூடமாட இருந்து சமையலையும் பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டார். பெண்கள் எண்ணிக்கை கூடக் கூட வீடு போதவில்லை. விதவைப் பெண்களுக்கு வீடு வாடகைக்குக் கொடுக்க யார் முன்வருவார்கள்? காலையில் வெளியே புறப்படும்போது எதிரே ஒரு விதவை வந்தால் திரும்பிப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டுக் கிளம்பிய காலம் அது. அப்போது பெண்கள் பள்ளிகளின் இன்ஸ்பெக்டராக இருந்த மிஸ் லிஞ்ச் என்ற அயர்லாந்து அம்மையார் அரசாங்கத்தோடு பேசித் துணை நின்றார். பெண்கள் பள்ளிக்கூடங்களுக்கு ஆசிரியைகள் கிடைக்காத காலம். வாழ வழியில்லாத இந்தப் பெண்களைப் படிக்க வைத்தால் பள்ளிகளுக்கு ஆசிரியைகள் கிடைப்பார்கள், அவர்களுக்கும் வாழ்வு கிடைக்கும் என்பது அவர்கள் கணக்கு. அந்தக் கணக்கு பலித்தது.

இல்லம் கடற்கரையில் இருந்த அந்தப் பழைய ஐஸ் கிடங்குக்கு வந்தது. 1917-ல் அரசாங்கமே ஜமீன்தாரிடமிருந்து கட்டடத்தை எடுத்துக்கொண்டது. நல்ல வீடு யாரும் தராததால் ஐஸ் கிடங்கு கிடைத்தது என்று சொல்லலாம். ஊருக்கு ஒதுக்குப்புறம், எதிரே கடல், பக்கத்தில் குறை சொல்ல அக்கம்பக்கத்தார் இல்லை. வீட்டு மூலையில் உட்கார வைக்கப்பட்டிருந்த சிறுமிகள் அங்கே கணக்குப் போட்டார்கள், ஆங்கிலம் படித்தார்கள். படித்தவர்கள் ஆசிரியைகளாக வெளியே போனார்கள். 1922-ல் பக்கத்திலேயே லேடி வெலிங்டன் ஆசிரியப் பயிற்சிப் பள்ளி தோன்றியதும், அதன் தலைமைப் பொறுப்பைச் சிஸ்டர் சுப்பலட்சுமி ஏற்றதும் இந்த வேலையின் தொடர்ச்சிதான். அவருக்கு 1958-ல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது, 1969-ல் காலமானார்.

ஒரு குறையையும் சொல்லத்தான் வேண்டும். அந்த இல்லம் பிராமண குலத்து விதவைகளுக்கென்றே நடந்தது. அக்காலச் சமூகத்தின் எதிர்ப்புக்கு நடுவே அப்படித்தான் தொடங்க முடிந்தது என்று காரணம் சொல்வார்கள். அதில் உண்மை இருக்கலாம். ஆனால் வேறு குலத்தில் பிறந்து அதே துயரத்தில் இருந்த பெண்ணுக்கு அந்தக் கதவு திறக்கவில்லை என்பதும் உண்மை. இதை நான் பழிக்காகச் சொல்லவில்லை. நம் கிடங்கைப் பற்றிப் பேசும்போது இது நமக்கு வேண்டியிருக்கும்.

1941-க்குப் பிறகு அது பயிற்சி பெறும் ஆசிரியைகளின் விடுதியாயிற்று. 1963-ல் விவேகானந்தர் நூற்றாண்டின்போது அரசாங்கம் இப்போதைய பெயரைச் சூட்டியது. 1976-ல் நான் பி.எட். படிக்க வந்தபோது தங்கியது அங்கேதான். வளைந்த அறையில் கட்டிலைச் சுவரோடு ஒட்டிப் போட முடியாது. எப்படிப் போட்டாலும் பின்னால் ஒரு சந்து விழும். அந்தச் சந்தில்தான் எங்கள் தகரப் பெட்டிகள். மே மாத வெயிலில்கூடத் தடித்த சுவரில் கையை வைத்தால் குளிர்ச்சியாக இருக்கும். எங்களுக்கு முன்னால் அதே அறைகளில் யார் படுத்திருந்தார்கள், யார் அழுதிருந்தார்கள் என்பதை எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. நான் அதை அறிந்துகொண்டது வேலைக்குப் போய்ப் பல ஆண்டுகள் கழித்துத்தான். விடுதி 1993 வரை இருந்தது. 1997-ல் அரசாங்கம் கட்டடத்தை இராமகிருஷ்ண மடத்துக்குக் குத்தகைக்குக் கொடுத்தது. மடத்தார் பழுது பார்த்து, 1999-ல் நிலையான கண்காட்சி ஒன்றைத் திறந்தார்கள். சுவாமி விவேகானந்தர் தங்கிய ஒன்பது நாளுக்கு ஆண்டுதோறும் விழா நடக்கிறது. நடக்கட்டும், நல்லதே. சிறுமிகள் வாழ்ந்த அந்த இருபதுக்கும் மேற்பட்ட ஆண்டுகளுக்கும் ஒரு நாள் ஒதுக்கலாகாதா என்று எனக்கு ஓர் ஆதங்கம் உண்டு.

நிற்க. இனி நம் கிடங்குக்கு வருவோம்.

இங்கே முன்வரிசையில் இருக்கும் பெரியவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, இளையவர்களுக்காகச் சொல்கிறேன். 1960-களிலும் 70-களிலும் கத்தோலிக்கத் துயர்துடைப்பு நிறுவனத்தின் வழியாக அமெரிக்க மக்களின் உணவுப் பொருள்கள் நம் நாட்டுப் பங்குகள் பலவற்றுக்கு வந்தன. பால்மாவு, மக்காச்சோள மாவு, கோதுமை ரவை, எண்ணெய் டின். மூட்டையின் மேல் இரண்டு கைகள் குலுக்கிக்கொள்ளும் படம் இருக்கும். அவற்றை வைப்பதற்குத்தான் அந்தக் கட்டடம் எழுந்தது. சனிக்கிழமை காலையில் தூக்குவாளியோடு வரிசையில் நின்றவர்கள் இந்தச் சபையில் எத்தனை பேர் இருக்கிறீர்கள்? கையைத் தூக்க வேண்டாம், எனக்குத் தெரியும். நானும் நின்றிருக்கிறேன். பால்மாவைக் கரைத்தால் கட்டி கட்டியாக நிற்கும். கரைக்காமல் உள்ளங்கையில் கொட்டி நக்குவதில் ஒரு ருசி. வரிசையில் கிறிஸ்தவர்களும் நின்றார்கள், மற்றவர்களும் நின்றார்கள். "நீ எந்தச் சாமியைக் கும்பிடுகிறாய்?" என்று அந்தக் கதவடியில் யாரும் கேட்டதாக எனக்கு நினைவில்லை.

பிறகு மூட்டைகள் வருவது நின்றது. அவை தேவைப்படாத காலம் வந்தது நல்லதுதான். அதன்பின் தேர்த்தட்டு, உடைந்த பெஞ்சுகள், குடில் பொம்மைகள், கடைசியில் எலிகள். ஐஸ் கிடங்கும் நம் கிடங்கும் கடல் தாண்டி வந்த பொருளுக்காகக் கட்டியவை. பொருள் நின்றதும் இரண்டுக்கும் வேலை போயிற்று. நம்முடையதிலும் ஒரே கதவு, உயரத்தில் இரண்டு சிறு துவாரம். குடியிருக்க ஏற்றதல்ல என்று சொல்கிறார்கள். 1880-ல் ஐஸ் கிடங்கைப் பற்றியும் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள்.

கடை கட்டச் சொல்பவர்களை நான் குறை கூறவில்லை. கோவில் கூரை ஒழுகுவது எனக்கும் தெரியும்; மாதாமாதம் வருமானம் வந்தால் சுவாமிக்கு எவ்வளவு பாரம் குறையும் என்பதும் தெரியும். ஆனால் இன்னொன்றும் தெரியும். தென்மாவட்டங்களிலிருந்தும், வடகிழக்கு மாநிலங்களிலிருந்தும் ஜவுளிக் கடைகளிலும் ஆஸ்பத்திரிகளிலும் வேலைக்கு வரும் பெண்பிள்ளைகள் நம் பங்கின் எல்லைக்குள்ளேயே ஓர் அறைக்கு எட்டுப் பேர், பத்துப் பேர் என்று கிடக்கிறார்கள். ஜூன் மாதம் வந்தால் மடத்துக் கதவைத் தட்டுகிறார்கள். இடமில்லை என்று சொல்லி அனுப்புவது எவ்வளவு வேதனை என்று இங்கே உள்ள அருட்சகோதரிகளைக் கேளுங்கள். பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பெண், கையில் ஒரு பை, ஊர் தெரியாது. அவளுக்கு வீடு கொடுக்கவும் பலர் தயங்குகிறார்கள். சாதியையும் சாப்பாட்டையும் கேட்டுக் கதவைச் சாத்துகிறார்கள்.

நம் கிடங்கில் இருபது கட்டில் போடலாம் என்பது என் கணக்கு. ஜன்னல் திறக்க வேண்டும். சுமை தாங்கும் சுவர் என்பதால் ஒரே நாளில் உடைத்துத் தள்ளக் கூடாது. ஒவ்வொன்றாகத் திறந்து, மேலே விட்டம் கொடுத்து, பிறகு அடுத்ததற்குப் போக வேண்டும் என்று நான் கேட்ட கொத்தனார் சொல்கிறார். கூரை மரத்தில் கரையான் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று பார்க்க வேண்டும். கக்கூஸ், குளியலறை, தண்ணீர் எல்லாம் புதிதாகத்தான் வேண்டும். செலவு உண்டு, இல்லையென்று நான் சொல்லவில்லை. சுவர் உண்மையிலேயே பழுது என்று ஓர் இன்ஜினீயர் பார்த்து எழுதிக் கொடுத்தால், இடிப்பதற்கு நானே முதலில் கை தூக்குகிறேன். பார்க்காமல் இடிக்கக் கூடாது என்பதே என் வேண்டுகோள்.

அப்படி ஒரு விடுதி அமைந்தால், நம் பங்குப் பிள்ளைகளுக்கு மட்டும்தானா என்ற கேள்வி வரும். வரும் என்று தெரிந்துதான் ஐஸ் ஹவுஸின் குறையை முன்பே சொல்லி வைத்தேன். தூக்குவாளி வரிசையை நினைத்துக்கொண்டு அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லுங்கள்.

பேரவையின் அனுமதியோடு ஓர் ஏற்பாடு செய்திருக்கிறோம். வருகிற ஞாயிறு இரண்டாம் பூசை முடிந்ததும் கிடங்கு திறந்திருக்கும். சாவி உபதேசியாரிடம் இருக்கிறது. வின்சென்ட் தே பவுல் சபையின் இளைஞர்கள் சனிக்கிழமையே உள்ளே இருக்கும் பெஞ்சுகளை வெளியே எடுத்துப் போட ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். வாக்களிக்கப் போகிறவர்கள் அத்தனை பேரும் ஒரு முறை உள்ளே வந்து நின்று பாருங்கள். அளவு நாடா நான் கொண்டு வருகிறேன். டார்ச் விளக்கு இருப்பவர்கள் கொண்டு வரவும். உள்ளே மின்சாரம் இல்லை.

இயேசுவுக்கே புகழ்! மரியே வாழ்க!